கிளினிக் மூடிய பிறகு வரும் நோய்

ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. நம் ஊர் போன்ற சிறு பட்டணங்களில் அரசாங்க சுகாதார கிளினிக் வழக்கமாகத் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 8 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடும். சாப்பாட்டு நேரத்தைக் கழிக்காமல் கூட்டினாலும் 45 மணி நேரம்தான். மீதி 123 மணி நேரம் கதவு மூடியே இருக்கிறது. தனியார் கிளினிக்குகள் மாலையிலும் சனிக்கிழமையிலும் திறந்திருப்பதால் இந்தக் கணக்கு கொஞ்சம் இளகும். ஆனாலும் இரவு பதினொரு மணிக்கு ஆயர் தாவார் கடைத்தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். சாப்பாட்டுக் கடையில் விளக்கு எரியும். மருந்துக் கடையில் எரியாது.

நோய்க்கு நேரங்காலம் தெரியாது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நோய்க்கு நேரம் நன்றாகவே தெரியும். கதவு மூடிய பிறகு தலைதூக்கும் நோய்கள்தான் பல. இது கெட்ட நேரமோ கண்ணேறோ அல்ல. நம் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தின் வேலை.

அந்தக் கடிகாரத்தின் மூலக்கூறுகளைப் பழ ஈக்களிடம் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஈயிடம் இருப்பது நம்மிடமும் இருக்கிறது. உடல் வெப்பம் விடியற்காலை நான்கு மணி அளவில் மிகக் குறைந்தும், பிற்பகல் முடிந்து மாலை சாயும் நேரத்தில் மிக உயர்ந்தும் இருக்கும். காய்ச்சல் இந்த ஏற்ற இறக்கத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். காலையில் 'பரவாயில்லை' என்று பள்ளிக்கு அனுப்பிய பிள்ளை இரவு ஏழு மணிக்கு அனலாய்க் கொதிப்பது இதனால்தான். பிள்ளை காலையில் நடிக்கவில்லை, அம்மாவும் கவனக்குறைவாக இல்லை.

அட்ரினல் சுரப்பி தரும் கார்ட்டிசால் அழற்சியை அடக்கி வைக்கும் இயற்கையான மருந்து. அதன் அளவு நள்ளிரவையொட்டி மிகவும் தாழ்ந்துவிடும். கண் விழிக்கும் வேளையில்தான் மறுபடி உச்சத்துக்கு ஏறும். மூச்சுக் குழாய்களும் விடியற்காலையில்தான் மிகக் குறுகி இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இரவு மூன்று, நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்து இழுப்பதற்கு இந்த இரண்டும் காரணம். மாரடைப்புக்கு வேறு கணக்கு. விழிக்கும் நேரத்தில் ரத்த அழுத்தம் சட்டென ஏறும், ரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும். அதனால் காலை ஆறு மணி முதல் நண்பகல் வரையிலான நேரத்தில் மாரடைப்பு அதிகம் வருவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த நேரத்தின் முதல் இரண்டு மணியிலும் கிளினிக் பூட்டியேதான் இருக்கிறது. பல்வலி இரவில் கூடுவதற்குக்கூடக் காரணம் உண்டு. படுத்தால் தலைப் பக்கம் ரத்த அழுத்தம் கூடும். கவனத்தைத் திருப்ப வேறு வேலையும் இருக்காது.

ஆகவே இரவு நோய் என்பது விதிவிலக்கு அல்ல. நாம்தான் அதை விதிவிலக்காக நடத்துகிறோம்.

இப்படி நடத்துவதால் இரண்டு விதமான தவறுகள் நம் வீடுகளில் நடக்கின்றன. ஒன்று, காத்திருக்கக் கூடாத நோயுடன் காத்திருப்பது. ஐம்பது வயதுக்காரர் இரவில் வியர்த்துக் கொட்டி, தாடையும் இடது தோளும் வலிக்கிறது என்கிறார். 'வாயுவாகத்தான் இருக்கும்' என்று இஞ்சி தட்டிப் போட்டுத் தண்ணீர் கொடுத்து, 'விடியட்டும், கிளினிக் போகலாம்' என்கிறோம். மற்றது, காத்திருக்கக் கூடிய நோயுடன் ஓடுவது. மூன்று நாள் சளியுடன் நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையை நள்ளிரவில் தூக்கிக்கொண்டு ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், நான்கு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, கோபத்தோடு திரும்புகிறோம். இரண்டும் எதிரெதிர்த் தவறுகள் போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். 'இது இப்போதே போக வேண்டியதா, காலை வரை தாங்குமா?' என்ற ஒரே கேள்வியைக் கேட்க அந்த நேரத்தில் ஆள் இல்லை.

ஒரு காலத்தில் இருந்தார். தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால் 'டிரஸ்ஸர் ஐயா' என்பார்கள். பால்மரத் தோட்டங்களில் சிறு மருந்தகமோ ஆஸ்பத்திரியோ இருக்கும். அதற்குப் பொறுப்பான மருத்துவ உதவியாளர் தோட்டத்திலேயே குடியிருப்பார். அவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965இல் தனிச் சட்டம் வந்தது. இரவு எத்தனை மணியானாலும் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். அவர் வந்து பார்த்து, 'இது ஒன்றுமில்லை, மாத்திரை போட்டுத் தூங்கச் சொல்' என்பார். அல்லது 'லாரியை எடு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்' என்பார். அவர் மருத்துவர் அல்ல. ஆனால் எது அவசரம், எது அவசரமில்லை என்று பிரித்துச் சொல்லும் பழக்கம் அவருக்கு இருந்தது.

இதை நான் பொற்காலமாக எழுதவில்லை. சீக்கு விடுப்புச் சீட்டு அவர் கையில் இருந்ததால், நோயாளிக்கு அவர் மருத்துவ உதவியாளராக இருந்த அதே நேரத்தில் நிர்வாகத்தின் ஆளாகவும் இருந்தார். வயிற்று வலிக்கும் காய்ச்சலுக்கும் ஒரே கலவை மருந்து கொடுத்த கதைகளும் உண்டு. பிரசவ வலியோடு லாரியில் போன பெண்களின் கதைகளை என்னைவிட உங்கள் பாட்டிமார் நன்றாகச் சொல்வார்கள். இருந்தாலும் தட்ட ஒரு கதவு இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் செம்பனையாகி, வேலையும் லயமும் போய், மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது வீட்டுப் பிரச்சினையைப் பற்றிப் பேசினோம், தமிழ்ப்பள்ளிகளைப் பற்றிப் பேசினோம், கோயில் நிலத்தைப் பற்றிப் பேசினோம். நியாயமான பேச்சுகள்தான். அந்த இரவுக் கதவும் கூடவே போய்விட்டது என்பதை மட்டும் யாரும் பேசவில்லை.

அரசாங்கம் இந்த இடைவெளியைக் கவனிக்காமல் இல்லை. 2010 ஜனவரியில் 50 இடங்களில் '1மலேசியா கிளினிக்' தொடங்கியது. மருத்துவ உதவியாளரும் செவிலியரும் காலை 10 முதல் இரவு 10 வரை சிறு நோய்களைப் பார்த்தார்கள். டிரஸ்ஸர் ஐயாவே புதுச் சட்டை போட்டு வந்ததைப் போன்ற திட்டம் என்று சொல்லலாம். 2018இல் அது 'சமூகக் கிளினிக்' என்று பெயர் மாறியது. ஆனால் அவை பெரும்பாலும் நகரப் பகுதிகளுக்காக அமைந்தவை. சில பெரிய சுகாதார கிளினிக்குகள் இரவு 9.30 வரை நீட்டித்துச் செயல்படுகின்றன. அதற்குப் பிறகு நமக்கு இருப்பது மருத்துவமனையின் அவசரப் பிரிவு ஒன்றுதான்.

அந்தப் பிரிவு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பலரும் தெரிந்துகொள்ளாமல் சண்டைக்குப் போகிறார்கள். அங்கே இருப்பது வரிசை அல்ல. நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் டொமினிக் லாரே, காயம்பட்டவர்களை அவர்களின் பதவியைப் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்துப் பிரித்துச் சிகிச்சை தந்தார். தரம் பிரிக்கும் அந்த முறைதான் இன்று உலகெங்கும் அவசரப் பிரிவுகளின் வாசலில் நடக்கிறது. நம் மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணம் வைத்திருக்கிறார்கள். மூச்சு, நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், நினைவு நிலை ஆகியவற்றைப் பார்த்து நீங்கள் எந்த வண்ணம் என்று முடிவாகும். உங்களுக்குப் பின் வந்தவரை முன்னால் அழைத்துப் போனால் அவர் யாருக்கும் வேண்டப்பட்டவர் என்று பொருளில்லை. அவர் உயிர் உங்கள் உயிரைவிட அதிக ஆபத்தில் இருக்கிறது என்றே பொருள். ஆனால் ஒன்று. பச்சையில் உட்கார்ந்திருக்கும்போது நோயாளியின் நிலை மாறினால் (தூக்கக் கலக்கம், மூச்சு வேகம், புதிதாக வலி) எழுந்து போய்ச் சொல்லுங்கள். 'உட்காரச் சொன்னார்கள்' என்று சும்மா இருக்காதீர்கள். வண்ணம் ஒரு முறை ஒட்டினால் மாறாத முத்திரை இல்லை. குடிமக்களுக்கு அங்கே பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. பணத்துக்குப் பயந்து யாரும் வீட்டில் இருக்க வேண்டியதில்லை.

இனி, இரவில் நம்மை ஏமாற்றும் நோய்களைப் பார்ப்போம். முதல் ஏமாற்றுக்காரன் டிங்கி. 2019இல் மட்டும் இந்நாட்டில் 130,101 பேருக்கு டிங்கி பதிவானது. 182 பேர் இறந்தார்கள். இந்த நோயின் சூழ்ச்சி எங்கே இருக்கிறது தெரியுமா? காய்ச்சல் இறங்குவதில் இருக்கிறது. மூன்று முதல் ஏழு நாள் கொதித்த காய்ச்சல் சட்டென்று விடும். வீட்டில் எல்லாரும் பெருமூச்சு விடுவார்கள். அதே நேரத்தில்தான் ரத்தக் குழாய்களின் சுவர் இளகி, ரத்தத்தின் நீர்ப் பகுதியான பிளாஸ்மா வெளியே கசியத் தொடங்கும். குழாய்க்குள் மிஞ்சும் ரத்தம் கெட்டிப்படும், அளவு குறையும், அழுத்தம் சரியும். இந்த ஆபத்துக் கட்டம் 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் தொடங்கியிருந்தால் இந்த 48 மணி நேரம் சனி, ஞாயிறில் வந்து நிற்கக்கூடும். அதாவது கிளினிக் மூடியிருக்கும் நேரத்தில், வெப்பமானி நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருக்கும்போது.

ஆகவே டிங்கி சந்தேகம் உள்ளவருக்குக் காய்ச்சல் விட்ட பிறகு வெப்பமானியை நம்பாதீர்கள். வயிறு கடுமையாக வலிக்கிறதா, ஓயாமல் வாந்தி எடுக்கிறாரா, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வருகிறதா, கை கால் சில்லிட்டுப் போயிருக்கிறதா, எழுந்து உட்காரக்கூட மனமின்றித் துவண்டு கிடக்கிறாரா, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லையா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் என்றதும் 'ஒரு ஊசி போட்டுவிடுங்கள் டாக்டர்' என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. ஊசி போடாத மருத்துவர் மருத்துவரே இல்லை என்று பேசுகிறவர்களும் உண்டு. டிங்கியில் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மருந்துகள் ரத்தக் கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் போதும். அதற்கும் அளவு உண்டு. குழந்தைக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லி கிராம் என்பது ஒரு வேளை அளவு; அடுத்த வேளைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும்; நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. அண்ணனுக்கு வாங்கிய மருந்துப் புட்டியின் கரண்டியால் தம்பிக்கும் ஊற்றுவது சரியல்ல.

குழந்தைகளைப் பற்றி இன்னும் இரண்டு வரி. மூன்று மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலே காலை வரை காத்திருக்க வேண்டாம். காய்ச்சலில் வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் வேண்டாம். இரும்புக்கும் வலிப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. சாவி கொடுத்தவுடன் நின்றதாகத் தோன்றுவது, பெரும்பாலான காய்ச்சல் வலிப்புகள் ஐந்து நிமிடத்துக்குள் தாமாகவே நின்றுவிடுவதால்தான். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 999.

இரண்டாவது ஏமாற்றுக்காரன் நம் சமூகத்துக்கு மிகவும் வேண்டியவன். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே அந்த விகிதம் ஆக அதிகம். நீண்டநாள் நீரிழிவு நரம்புகளை மரத்துப் போகச் செய்யும். இதயத்திலிருந்து வலிச் செய்தியைக் கொண்டு வரும் நரம்புகளும் இதற்கு விலக்கல்ல. அதனால் இனிப்பு நீர் உள்ளவருக்கு மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலேயே வரலாம். வெறும் வியர்வை, மூச்சு வாங்கல், குமட்டல், காரணமில்லாத சோர்வு. சினிமாவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதைப் பார்த்துப் பழகிய நாம் இதை அடையாளம் காண்பதில்லை. மாரடைப்பில் அடைத்துக்கொண்ட குழாயைத் திறக்கும் மருந்து, முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். நேரம் போகப் போக இதயத் தசை செத்துக்கொண்டே வரும். இரவு இரண்டு மணிக்குத் தொடங்கிய வலிக்குக் காலை எட்டு மணி வரை காத்திருப்பது என்பது இதயத்தில் ஒரு பகுதியை எழுதிக் கொடுத்துவிடுவதற்குச் சமம்.

பக்கவாதமும் அப்படித்தான். முகம் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தூக்க முடியாமல், பேச்சு குழறினால், மூளையில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று ஒரு கணக்கீடு உண்டு. கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நான்கரை மணி நேரமே கெடு, அதுவும் ஸ்கேன் எடுத்து ரத்தக் கசிவு இல்லையென்று உறுதி செய்த பிறகே. அதனால் பக்கவாதத்துக்கு வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

நீரிழிவுக்காரர் இரவில் உளறினால், நடுங்கி வியர்த்தால், சர்க்கரை இறங்கியிருக்கலாம். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுப்பவர்களுக்கு இது நேரும். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 'சீனி வியாதிக்காரருக்குச் சீனியா' என்று பாட்டி தடுப்பார். அந்த ஒரு வேளை பாட்டி சொல்லைக் கேட்க வேண்டாம்.

செம்பனைத் தோட்டப் பக்கம் இருப்பவர்களுக்குப் பாம்பும் களைக்கொல்லியும் கூடுதல் கவலை. கடிபட்ட காலை அசையாமல் வைத்து மருத்துவமனைக்கு எடுத்துப் போவது ஒன்றுதான் முதலுதவி. இறுக்கிக் கட்டுவது, கீறுவது, விஷக்கல் வைப்பது எல்லாம் நேரத்தையும் சில வேளைகளில் காலையும் பறித்துவிடும். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் மற்றக் களைக்கொல்லிகளை மினரல் வாட்டர் புட்டியில் ஊற்றி வைக்கும் பழக்கத்துக்கு இன்னும் தடை வரவில்லை. யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், அசல் புட்டியையும் கையோடு கொண்டு போங்கள். நச்சு பற்றி மருத்துவர்களுக்கும் மக்களுக்கும் ஆலோசனை சொல்லவே பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் தேசிய நச்சு மையம் இயங்குகிறது.

எல்லாவற்றுக்கும் 999 என்று எழுதிவிட்டேன். அந்த எண்ணை அழைத்தால் என்ன நடக்கும்? 2007 முதல் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாம் ஒரே எண்ணுக்குள் வந்துவிட்டன. முதலில் எடுப்பவர் மருத்துவமனைக்காரர் அல்ல. அழைப்பைப் பிரித்து அனுப்புபவர். அவர் உங்களை மருத்துவமனையின் ஒருங்கிணைப்பு மையத்துக்கு மாற்றுவார். அங்கே மறுபடி கேள்விகள் கேட்பார்கள். 'கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவார்கள்' என்று போனை வைத்துவிடாதீர்கள். கேள்விகள் நடக்கும்போதே ஆம்புலன்ஸ் புறப்பட ஏற்பாடு நடக்கலாம். மூச்சு நின்றவருக்கு நெஞ்சை எப்படி அழுத்துவது என்று போனிலேயே சொல்லித் தருவார்கள்.

நம் பெரியவர்களுக்கு இங்கே மொழிச் சிக்கல் உண்டு. தமிழ் மட்டும் பேசும் பாட்டி தனியாக இருக்கும்போது தாத்தா விழுந்தால் என்ன செய்வார்? மூன்று மலாய்த் தொடர்கள் போதும்: 'சாக்கிட் டாடா' என்றால் நெஞ்சு வலி, 'சுசா நாஃபாஸ்' என்றால் மூச்சுத் திணறல், 'தாக் செடார்' என்றால் நினைவில்லை. இவற்றோடு வீட்டு முகவரியையும் தமிழ் எழுத்திலேயே பெரிதாக எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். வீட்டு எண் இல்லாத பழைய லயத்தில் இருந்தால், கோயில் பெயர், பள்ளி பெயர், பெரிய சாலையிலிருந்து எத்தனையாவது சந்து என்பதை எழுதுங்கள். ஒருவர் கைவிளக்கோடு சந்தி முனையில் போய் நிற்கட்டும். செம்பனைக் காட்டு இருட்டில் ஆம்புலன்ஸ் சுற்றிச் சுற்றி வரும் நிமிடங்களை இந்த ஒரு விளக்கு மிச்சப்படுத்தும்.

ஆனால் 999 அவசரத்துக்கு மட்டும். 'இது அவசரமா?' என்று கேட்பதற்கான எண் அல்ல அது. என் கோரிக்கை இங்கேதான் வருகிறது. செவிலியரோ மருத்துவ உதவியாளரோ இரவு முழுவதும் எடுத்துப் பேசுகிற, மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் பதில் சொல்கிற ஒரு ஆலோசனை எண் வேண்டும். புதுமையான யோசனை அல்ல. தமிழ்நாட்டில் 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவ ஆலோசனைக்கென்று 104 என்ற தனி எண் 2013இல் வந்தது. அவசரத்துக்கு ஒன்று, சந்தேகத்துக்கு ஒன்று என்று அங்கே பிரித்துவிட்டார்கள். இலங்கையில் 1990 'சுவசெரிய' ஆம்புலன்ஸ் சேவை 2016இல் மேற்கிலும் தெற்கிலும் தொடங்கி, 2018இல் யாழ்ப்பாணம் வரை போய்ச் சேர்ந்தது. நம் சுகாதார அமைச்சே மனநல ஆலோசனைக்கு 15555 என்ற எண்ணை 2022இல் தொடங்கி நடத்துகிறது. மனத்துக்கு முடிந்தது உடம்புக்கு முடியாதா?

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. பிரிட்டனில் 1998இல் செவிலியர்கள் பேசும் தொலைபேசிச் சேவை தொடங்கியது. பிறகு செலவைக் குறைக்க அதை 111 என்று மாற்றினார்கள். பெரும்பாலும் பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்களே கணினி காட்டும் கேள்விகளைப் படிப்பார்கள். கணினி பயந்த சுபாவம் கொண்டது. சந்தேகம் வந்தால் 'மருத்துவமனைக்குப் போ' என்றுதான் சொல்லும். இதனால் அவசரப் பிரிவில் கூட்டம் குறையாமல் கூடுகிறது என்ற குறை அங்கே ஓயாமல் எழுகிறது. ஆகவே எண் வந்தால் மட்டும் போதாது. எடுப்பவருக்கு நோயாளி பார்த்த அனுபவம் வேண்டும். ஓய்வு பெற்ற மருத்துவ உதவியாளர்களும் செவிலியர்களும் நம் மஞ்சோங் வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் காதுக்கு இருமலின் ஓசையில் பாதி விடை தெரியும். ஒரு மாவட்டத்தில் ஓர் ஆண்டு சோதித்துப் பார்த்துவிட்டுப் பிறகு செலவைப் பற்றி வாதாடுவோம்.

பள்ளியும் ஒரு பங்கு எடுக்கலாம். படிவம் 4 அறிவியல் பாடநூலில் அவசர உதவி என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. சிபிஆர், தொண்டையில் சிக்கியதை வெளியேற்றும் ஹைம்லிக் முறை இரண்டும் அதில் உண்டு. நெஞ்சின் நடுவில் ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. மாணவர்கள் இதைத் தேர்வில் சரியாக எழுதுவார்கள். தலையணை மேல் செய்யச் சொன்னால் இரண்டு சென்டிமீட்டரோடு நின்றுவிடுவார்கள். பத்து பேரில் எட்டுப் பேருக்கு ஒரு நிமிடத்துக்குள் மூச்சு வாங்கும். உங்கள் வீட்டில் படிவம் 4 பிள்ளை இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை தலையணையைத் தரையில் போட்டு அம்மா, அப்பா, தாத்தா எல்லாருக்கும் சொல்லித்தரச் சொல்லுங்கள். வீட்டுப் பாடமாக நான் என் வகுப்புக்குக் கொடுத்திருக்கிறேன். வகுப்பில் எப்போதும் பின்வரிசையில் தூங்கும் பையன் ஒருவன் தன் பாட்டிக்குச் சொல்லித்தந்து, பாட்டியின் கையெழுத்தோடு வந்தான்.

எண் வர ஆண்டுகள் ஆகலாம். அதுவரை கிளினிக்குகள், அரசாங்கமோ தனியாரோ, ஒன்று செய்யலாம். இரவில் கதவில் தொங்குவது 'துத்துப்' என்று ஒரே சொல் எழுதிய பலகை. அந்தப் பலகையின் அடியில் இடம் இருக்கிறது. அருகில் 24 மணி நேரமும் திறந்திருக்கும் அவசரப் பிரிவு எது, எத்தனை கிலோமீட்டர், இன்றிரவு எந்தக் கிளினிக் திறந்திருக்கிறது, எந்த அறிகுறி இருந்தால் ஒரு நிமிடமும் நிற்காமல் 999ஐ அழைக்க வேண்டும் என்பதை நான்கு மொழிகளில் எழுதிப் போடலாம். சாலையிலிருந்தே படிக்கத் தெரியும் அளவில் எழுத்து இருக்க வேண்டும். மேலே ஒரு விளக்கும் வேண்டும்.